155 நிமிடம், 87 நிமிடம்: 'தி லேடி ஃப்ரம் ஷாங்காய்' – ஒரு நிகழ்வு ஆய்வு

ஆய்வின் எல்லை

'தி லேடி ஃப்ரம் ஷாங்காய்' கறுப்பு வெள்ளைப் படம். கொலம்பியா பிக்சர்ஸ் 1946 அக்டோபரில் படப்பிடிப்பைத் தொடங்கியது. 1948இல்தான் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு அனுப்பியது. ஃபிலிம் நுவார், அதாவது நிழலும் இருட்டும் நிறைந்த அந்தக் கால ஹாலிவுட் குற்றப்பட வகை, அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தப் படத்தை விட்டுவிட்டுப் பேச மாட்டார்கள். அதே ஆட்கள்தான் இதைக் குறையுள்ள படம் என்றும் சொல்வார்கள். இரண்டுமே சரி. முதல் தொகுப்பு 155 நிமிடம் ஓடியது, திரைக்கு வந்தது ஏறக்குறைய 87 நிமிடம். நடுவில் என்ன நடந்தது, யார் எந்தக் காரணத்துக்காக எதை முடிவு செய்தார்கள் என்பதைப் பதிவு செய்வதே இங்கே வேலை.

ஆட்களைப் பெயரால் சொல்லாமல் பொறுப்பால் குறிப்பிடுகிறேன். இது ரகசியத்துக்காக அல்ல. பழைய ஹாலிவுட் படங்கள் கொஞ்சம் பார்த்தவர்கள் இரண்டாவது பத்தியிலேயே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனால் அந்த இயக்குநரின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் மேதை ஒரு பக்கம், கத்திரிக்கோல் பிடித்த முதலாளி மறுபக்கம் என்று நாம் கட்சி பிரிந்துவிடுவோம். ஐம்பது அறுபது வருடங்களாக அப்படித்தான் இந்தக் கதை சொல்லப்பட்டு வருகிறது. நடந்ததை வரிசைப்படி பார்த்தால் அது அவ்வளவு நேரானதல்ல.

கதை என்ன

மைக்கேல் அயர்லாந்துக்கார மாலுமி. ஓர் இரவு நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் குதிரை வண்டியில் போய்க்கொண்டிருக்கும் எல்ஸாவைப் பார்க்கிறான், வழிப்பறிக்காரர்களிடமிருந்து அவளைக் காப்பாற்றுகிறான். அவளுடைய கணவன் பானிஸ்டர் பேர்போன கிரிமினல் வக்கீல்; ஊன்றுகோல்கள் இல்லாமல் நடக்க முடியாதவர். அவரே தேடிவந்து தன் பாய்மரப் படகில் வேலைக்கு வரும்படி மைக்கேலை அழைக்கிறார். படகு மெக்சிகோ கடற்கரையைத் தொட்டு சான் பிரான்சிஸ்கோ போகிறது. வழியில் மாலுமிக்கும் முதலாளி மனைவிக்கும் நெருக்கம் வளர்கிறது. அதைக் கணவனும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

பானிஸ்டரின் தொழில் கூட்டாளி கிரிஸ்பி விசித்திரமான பேரம் ஒன்றைக் கொண்டுவருகிறார். "என்னைக் கொன்றுவிட்டதாக எழுதிக் கையெழுத்துப் போடு, 5,000 டாலர் தருகிறேன், உடல் கிடைக்காத வரை உன்னை யாரும் தண்டிக்க முடியாது" என்பது பேரம். அந்தப் பணத்தில் எல்ஸாவோடு எங்காவது போய்விடலாம் என்று மைக்கேல் சம்மதிக்கிறான். அப்புறம் கிரிஸ்பி நிஜமாகவே பிணமாகக் கிடக்கிறார். கொலைப்பழி மைக்கேல் தலையில் விழுகிறது, நீதிமன்றத்தில் அவனுக்காக வாதாட வருவதோ எல்ஸாவின் கணவன்.

யார் யாரைக் கொல்லத் திட்டமிட்டார்கள் என்பது முதல்முறை பார்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் பிடிபடாது. ஒருநாள் ஸ்டூடியோ தலைவர் படத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு, இந்தக் கதையை எனக்கு விளக்குகிறவருக்கு 1,000 டாலர் தருகிறேன் என்று சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. பேச்சுதான் என்றாலும், படத்தைப் பார்த்தவர்கள் யாரும் அதைப் பொய் என்று தள்ளிவிட மாட்டார்கள்.

பின்னணி: 1946இல் யார் எங்கே நின்றார்கள்

இயக்குநர் தன் முதல் படத்தை 25 வயதில், வெட்டும் உரிமை முழுக்கத் தன் கையில் இருக்கும்படி ஒப்பந்தம் போட்டு எடுத்தவர். இரண்டாவது படத்தில் அந்த உரிமை கையைவிட்டுப் போனது. அவர் தென் அமெரிக்காவில் வேறு படப்பிடிப்பில் இருந்த நேரத்தில் ஸ்டூடியோ அதிலிருந்து 40 நிமிடத்துக்கு மேல் வெட்டி, முடிவையும் மாற்றி வெளியிட்டது. அதன்பிறகு ஹாலிவுட்டில் அவருக்கு நம்பி வேலை கொடுக்கக்கூடாதவர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்தப் பெயரைக் கழுவுவதற்காகவே, 1946இல் வெளியான ஒரு நாஜி வேட்டைப் படத்தை மிகக் கறாரான நிபந்தனைகளுக்கு உட்பட்டு எடுத்தார். அதில் கவனிக்க வேண்டிய ஏற்பாடு ஒன்று: படப்பிடிப்புக்கு முன்பே எடிட்டர் திரைக்கதையை வைத்துக்கொண்டு தேவையில்லை என்று பட்ட பக்கங்களை நீக்கிவிடுவார். இயக்குநருக்கு அது கசந்தது. தன் விருப்பமான ஆரம்பக் காட்சிகள் அதில் போய்விட்டன என்று பிற்காலத்திலும் குறைபட்டுக்கொண்டார். ஆனால் படம் சொன்ன நேரத்தில், சொன்ன செலவில் முடிந்தது. வெளியான காலத்திலேயே லாபமும் பார்த்தது. இந்தத் தகவல் பின்னால் தேவைப்படும்.

நாயகி அப்போது கொலம்பியாவின் மிகப்பெரிய சொத்து. 1946இல் வந்த 'கில்டா' அவரை உலகம் முழுக்கக் கொண்டுபோயிருந்தது. நீண்ட சிவந்த முடியை உதறி நிமிரும் அந்த உருவத்துக்காகவே மக்கள் டிக்கெட் வாங்கினார்கள். இயக்குநருக்கும் அவருக்கும் 1943இல் திருமணம், 1944இல் ஒரு பெண் குழந்தை. 1946 வாக்கில் இருவரும் பிரிந்து வாழ்ந்தார்கள். இந்தப் படத்தின் காலத்தில் மீண்டும் சேர்ந்து வாழ முயன்றார்கள்.

ஸ்டூடியோ தலைவரை வில்லனாக்குவது எளிது. முரட்டு ஆள், நடிகைகளைத் தன் உடைமைபோல நடத்தியவர் என்பதெல்லாம் பதிவாகியிருக்கிறது. அதே சமயம், சிறிய நிலையிலிருந்து பெரிய ஸ்டூடியோக்களுக்குச் சமமாக ஏறிவந்த கம்பெனியை நடத்திக்கொண்டிருந்தவர். அங்கே முதல்வரிசை நட்சத்திரம் என்றால் இந்த ஒரு பெண்தான்.

படம் பிறந்த விதம்

ஆரம்பம் கதையில் இல்லை, கடனில் இருந்தது. 1946 வசந்தத்தில் இயக்குநர் உலகம் சுற்றும் கதை ஒன்றைப் பிரம்மாண்டமான இசை நாடகமாக மேடையேற்றினார். பணம் போட வந்தவர் நடுவிலேயே விலகிக்கொண்டார். பாஸ்டனில் திரை ஏறுவதற்கு முன் உடைகளை விடுவிக்கப் பணம் கட்டியாக வேண்டும். இயக்குநர் ஸ்டூடியோ தலைவருக்குப் போன் போட்டு, சுமார் 50,000 டாலர் அனுப்பினால் உங்களுக்கு ஒரு படம் எழுதி இயக்கித் தருகிறேன் என்றார். என்ன கதை என்று கேட்டதும் பக்கத்தில் கண்ணில் பட்ட புத்தகத்தின் பெயரைச் சொன்னேன் என்பது அவர் பிற்காலத்தில் சொன்ன கதை. சுவையாகக் கதை சொல்வதில் அவர் கில்லாடி, ஆகவே புத்தகம் பற்றிய பகுதியை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஷெர்வுட் கிங் எழுதிய 1938 நாவல் அது. அதன் உரிமையை ஏற்கெனவே வேறொரு இளம் இயக்குநர் கையில் வைத்திருந்தார், அவர் இந்தப் படத்தில் துணைத் தயாரிப்பாளராகச் சேர்க்கப்பட்டார்.

நாடகம் நியூயார்க்கில் 75 காட்சிகளோடு நின்றது. பணம் போனது, வாக்கு மட்டும் மிச்சம்.

இயக்குநர் முதலில் நினைத்தது சிறிய செலவில், அதிகம் தெரியாத பிரெஞ்சு நடிகையை வைத்து எடுக்கும் குற்றப்படம். கம்பெனியின் நட்சத்திரம் உள்ளே வந்ததும் எல்லாம் மாறியது. பட்ஜெட் ஏறியது, படகுப் பயணம் பெரிதானது, கேமரா மெக்சிகோ வரை போனது. முதல் பெரிய முடிவு இதுதான், அதை யாரும் ஒரு முடிவாக உட்கார்ந்து எடுக்கவில்லை. தலைவர் பார்வையில் இது அடுத்த 'கில்டா'. இயக்குநர் பார்வையில் இது காதல் என்ற பெயரில் நான்கு பேர் ஒருவரையொருவர் கடித்துத் தின்னும் கெட்ட கனவு. படத்திலேயே மைக்கேல் ஒரு கதை சொல்கிறான்: பிரேசில் கடலில் சுறாக்கள் ரத்தவெறி ஏறித் தங்கள் உடம்பையே தின்ற கதை. அந்தச் சுறாக்கள் நீங்கள்தான் என்று முதலாளி குடும்பத்தின் முகத்துக்கு நேரே சொல்கிறான். இப்படிப்பட்ட படத்தில் அழகுராணியை எங்கே வைப்பது என்ற கேள்வியை இரு தரப்பும் எதிரெதிரே உட்கார்ந்து பேசியதாகத் தெரியவில்லை.

நாயகியின் முடி

படப்பிடிப்புக்கு முன் நாயகியின் நீண்ட சிவந்த முடியைக் குட்டையாக வெட்டி, வெளிர்பொன் நிறமாக மாற்றினார்கள். புகைப்படங்கள் எடுக்கப்பட்டு அவை பத்திரிகைகளுக்குப் போயின. ஒரு படத்தில் இயக்குநர் பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்க்கிறார்.

காரணம் தெளிவானது. எல்ஸா, கில்டா அல்ல. கில்டாவைப் பார்க்கிறவர்களுக்கு அவள்மீது ஒரு பரிவு வரும். எல்ஸாவின் உள்ளே என்ன இருக்கிறதென்று கடைசிவரை தெரியக்கூடாது. குட்டை முடியும் வெண்ணிற உடையும் அவளைக் கழுவித் துடைத்த பளிங்குபோல ஆக்குகின்றன. இரவுக் காட்சிகளில் அந்த முடி மட்டும் தனியாக வெளிச்சம் வாங்குவதைப் பார்த்தால் முடிவு சரியென்றே தோன்றும்.

தலைவர் கொதித்துப்போனார் என்பார்கள். கோபத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. கோடிக்கணக்கானவர்கள் பார்க்க விரும்பிய ஓர் உருவம் அது. அதை மாற்றுவதென்றால் காரணத்தை வியாபாரம் செய்கிறவரிடமும் சொல்லியிருக்க வேண்டும். அதன்பிறகு நடந்த பல திருத்தங்களில் இந்த முடியின் விலையைத் திரும்ப வசூலிக்கும் முயற்சி தெரிகிறது.

இங்கே பிரபலமான ஒரு வாசிப்பைப் பற்றிச் சொல்லிவிடலாம். உடைந்துகொண்டிருந்த கல்யாணத்தின் கோபத்தை இயக்குநர் மனைவியின் முடியிலும் பாத்திரத்திலும் தீர்த்துக்கொண்டார் என்பது அது. எனக்கு அதில் உடன்பாடில்லை. துரோகம் செய்யும் மனைவி நாவலிலேயே இருக்கிறாள், வேறு நடிகையை மனதில் வைத்துத் தொடங்கிய திட்டம் இது. படம் எடுக்கும்போது அந்த இருவரும் பிரிய அல்ல, சேரத்தான் முயன்றுகொண்டிருந்தார்கள். கல்யாணத்தின் நிழல் படத்தில் இருக்கலாம். அதை வைத்துப் படத்தின் குறைகளை விளக்கிவிட முடியாது.

கடலில்

படகுக் காட்சிகளுக்கு இன்னொரு நட்சத்திர நடிகரின் சொந்தப் பாய்மரப் படகான 'ஸாக்கா' வாடகைக்கு எடுக்கப்பட்டது. படத்தில் அதன் பெயர் 'சர்ஸி'. மெக்சிகோவின் அகபுல்கோ வெயிலில், குறுகிய தளத்தில், கேமராவும் விளக்குகளும் ஆட்களும் நெருக்கியடித்துக்கொண்டு வேலை செய்தார்கள். கேமரா உதவியாளர் ஒருவர் மாரடைப்பில் படகிலேயே இறந்தார். பலருக்கு உடம்பு சரியில்லாமல் போனது, நாயகியும் அதில் ஒருவர். இரவில் விளக்கைப் போட்டால் பூச்சிகள் மொய்த்தன. நாட்கள் நீண்டன, செலவு ஏறியது, ஹாலிவுட்டில் தலைவரின் பொறுமை குறைந்தது.

இந்தக் கட்டத்தில் இயக்குநர் எடுத்துக்கொண்டிருந்த முறையைக் கவனிக்க வேண்டும். அவர் நீண்ட ஷாட்டுகளை விரும்பியவர். கேமரா நகரும், ஆட்கள் நகர்வார்கள், காட்சி உடையாமல் ஓடும். அருகாமைக் காட்சிகளை, அதாவது குளோசப்புகளை, அதிகம் எடுக்கவில்லை. செட்டில் இருக்கிறவனுக்கு இது ஒரு பாணி. எடிட்டிங் அறையில் இருக்கிறவனுக்கு இது கட்டிப்போட்ட கை. ஒன்றரை நிமிடம் உடையாமல் ஓடும் ஷாட்டில் நடுவே இருபது வினாடி வேண்டாம் என்றால் எடுக்க வழியில்லை. இடையில் போடுவதற்கு வேறு கோணம் ஒன்று இருந்தால்தான் முடியும். அந்த வேறு கோணத்தைத் தராமல் இருப்பது, படத்தை வேறு யாரும் மாற்றாதபடி பூட்டி வைக்கும் தந்திரமும்கூட. முன்பு ஒருமுறை சூடுபட்டவர் அப்படிச் செய்ததில் ஆச்சரியமில்லை.

எடிட்டிங் அறை

ஸ்டூடியோவின் எடிட்டர் அனுபவம் மிக்க பெண்மணி, ஊமைப்படக் காலத்திலிருந்தே இந்தத் தொழிலில் இருந்தவர். வந்த ஃபிலிமைப் பார்த்துவிட்டு, நாயகியின் குளோசப் ஒன்றுகூட இல்லை என்று தலைவரிடம் சொன்னார். தலைவர் உத்தரவுபோட்டார்: குளோசப் எடு.

இந்த உத்தரவுக்கு இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று, எல்லோரும் சொல்வது: நட்சத்திரத்தின் முகத்தைக் காட்டி டிக்கெட் விற்க வேண்டும். இன்னொன்றை யாரும் அதிகம் சொல்வதில்லை: குளோசப் இல்லாமல் 155 நிமிடத்தைச் சுருக்கவே முடியாது. வெட்டிய இடத்தை மூட ஏதாவது வேண்டும். அந்த முகம்தான் மூடி.

விளைவைத் திரையிலேயே பார்க்கலாம். சென்ட்ரல் பார்க் ஆரம்பக் காட்சியில் குதிரை வண்டி நகர்கிறது, மைக்கேல் கூடவே நடக்கிறான், நிஜமான மரங்களும் நிஜமான இருட்டும் இருக்கின்றன. திடீரென்று எல்ஸாவின் முகம் திரையை நிரப்புகிறது. அது ஸ்டூடியோவில் எடுத்தது. முகத்தில் மிருதுவான ஒளி, பின்னால் திரையில் ஓட்டிய பின்னணி. அடுத்த ஷாட்டில் மீண்டும் நிஜமான இரவு. வெளிச்சம் ஒட்டவில்லை, காற்று ஒட்டவில்லை. படகிலும் இதேதான்: உண்மையான கடல், பிறகு பின்திரைக் கடல், பிறகு உண்மையான கடல். கொஞ்ச நேரத்தில் கண் பழகிவிடும், ஆனால் காட்சியின் ஓட்டம் ஒவ்வொரு முறையும் தடுக்கி விழுந்து எழுகிறது.

இதில் ஒரு தற்செயல் லாபமும் இருக்கிறது என்பது என் கணிப்பு. ஒட்டாத அந்த முகங்கள் எல்ஸாவை அவளைச் சுற்றியுள்ள உலகத்திலிருந்து பிரித்துவிடுகின்றன. மற்றவர்கள் வியர்க்கிறார்கள், அவள் வியர்ப்பதில்லை. முதலில் குறையாகத் தெரிவது, அவள் யாரென்று தெரிந்தபிறகு இரண்டாவது முறை பார்க்கும்போது பொருத்தமாகத் தெரிகிறது. யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல.

கதை விளக்கத்தில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. காட்சிகள் போனதால் காரணகாரியம் அறுந்துவிட்டது. அதை மைக்கேலின் பின்னணிக் குரல் தைக்கப் பார்க்கிறது. கொலை மர்மத்தின் முழு விடையும் கேளிக்கைப் பூங்காவின் பைத்தியக்கார வீட்டுக்குள், அதாவது வருகிறவர்களைக் குழப்பி வேடிக்கை காட்டக் கட்டிய வீட்டுக்குள், அவன் தடுமாறும் நேரத்தில் சில வாக்கியங்களாக வந்து போகிறது. கண் சுவரோவியங்களிலும் நிழல்களிலும் இருக்கும்போது காது எங்கே கேட்கும்? அந்த அயர்லாந்து உச்சரிப்பை வேறு பிடித்தாக வேண்டும். அமெரிக்கரான இயக்குநரே மைக்கேலாக நடித்து அதை வலிந்து பேசுகிறார், அது அவருக்கு வரவில்லை. இது ஸ்டூடியோ செய்த கோளாறு அல்ல.

பாட்டும் இசையும்

'கில்டா'வில் பாட்டு ஓடியது, ஆகவே இதிலும் ஒரு பாட்டு வேண்டும் என்றார் தலைவர். 'கில்டா' பாடலை எழுதிய அதே ஜோடியே எழுதித் தந்தது. எல்ஸா படகுத் தளத்தில் மல்லாந்து படுத்தபடி பாடுகிறாள், குரல் வேறொரு பின்னணிப் பாடகியுடையது. பாட்டு மோசமில்லை. காட்சிகூட நன்றாகத்தான் இருக்கிறது: மேலே வெளிச்சத்தில் அவள், சுற்றிலும் அவளைப் பார்த்துக்கொண்டும் பார்க்காததுபோல இருந்துகொண்டும் ஆண்கள்.

தொல்லை அதன்பிறகு வந்தது. ஸ்டூடியோ இசையமைப்பாளர் அந்தப் பாட்டின் மெட்டையே எடுத்துப் படம் முழுக்கத் தூவிவிட்டார். தொகுப்பை இசையோடு பார்த்த இயக்குநர் தலைவருக்கு ஒன்பது பக்கக் குறிப்பு எழுதினார். குறிப்பின் பெரும்பகுதி வெட்டைப் பற்றியதே அல்ல, இசையைப் பற்றியது. எல்ஸா பாறையிலிருந்து தண்ணீரில் குதிக்கும் இடத்தில் இசையும் கூடவே சர்ரென்று சறுக்கி விழுகிறது, இது கார்ட்டூன் படத்துக்குப் போடுவது என்றார். ஒரே மெட்டு ஒவ்வொரு காட்சியிலும் வந்து காட்சியின் தன்மையைக் கெடுக்கிறது என்றார். சொன்னது அத்தனையும் சரி. இன்றைக்குப் பார்த்தாலும் அந்த இடங்களில் இசை உறுத்துகிறது.

ஆனால் அந்தக் குறிப்பு போய்ச் சேர்ந்தபோது இசை பதிவாகிவிட்டது. மாற்ற வேண்டுமானால் மறுபடி செலவு. ஏற்கெனவே திட்டத்தைத் தாண்டிய படத்துக்கு அதைச் செய்ய எந்த முதலாளியும் யோசிப்பார். ஏறக்குறைய எதுவும் மாறவில்லை.

தப்பிய பகுதிகள்

மூன்று இடங்களில் படம் முழுசாக நிற்கிறது.

முதலாவது சான் பிரான்சிஸ்கோ மீன்காட்சியகம். காதலர்கள் ரகசியமாகச் சந்திக்க கோல்டன் கேட் பூங்காவில் உள்ள ஸ்டைன்ஹார்ட் மீன்காட்சியகத்துக்கு வருகிறார்கள். இருவரும் இருட்டில் நிழலுருவங்கள், பின்னால் ஒளிரும் கண்ணாடித் தொட்டிகள். மீன்களைத் தனியாகப் படமெடுத்து, பெரிதாக்கிப் பின்னால் சேர்த்திருக்கிறார்கள். பேச்சு கொலை ஒப்பந்தத்தை நெருங்க நெருங்கப் பின்னால் நீந்துபவை பூதாகாரமாகத் தெரிகின்றன. எல்ஸாவின் அழகான பக்கவாட்டு முகத்துக்கு அடுத்து விலாங்கின் வாய். இருவரும் முத்தமிடும்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் ஒன்று வந்து பார்த்துவிட்டுக் கிளுகிளுவென்று சிரிக்கிறது. பயமும் கேலியும் ஒரே சட்டகத்தில் வரும் இப்படிப்பட்ட இடத்தில்தான் இந்தப் படம் எப்படியிருக்க நினைத்தது என்று புரிகிறது.

இரண்டாவது நீதிமன்றம். வக்கீல் பானிஸ்டர் சாட்சியாகவும் அழைக்கப்படுகிறார். ஆகவே தன்னைத் தானே குறுக்கு விசாரணை செய்துகொள்கிறார். ஜூரி உறுப்பினர் ஒருவர் தும்மிக்கொண்டிருக்கிறார். ஓர் ஆளின் உயிர் ஊசலாடும் இடத்தை இயக்குநர் கூத்தாக்கியது அந்தக் காலப் பார்வையாளர்களுக்குப் பிடித்திருக்காது. இன்று இந்தப் பகுதிதான் குறைவாக வயதாகியிருக்கிறது.

மூன்றாவது கண்ணாடிக்கூடம். கடற்கரையோரப் பிளேலேண்ட் கேளிக்கைப் பூங்காவில் கதை முடிகிறது. அதன் உட்புறத்தை ஸ்டூடியோவில் கட்டினார்கள், இயக்குநர் தானே தூரிகை பிடித்துச் சுவர்களுக்கு வண்ணம் தீட்டினார். பைத்தியக்கார வீட்டுப் பகுதி முதலில் மிக நீளமாக இருந்தது. சறுக்குகளும் வாய்பிளந்த முகங்களுமாக எடுத்ததில் மிஞ்சியது சில நிமிடம்தான். பிறகு வரும் கண்ணாடி அறையைச் சிதைக்காமல் விட்டார்கள். எல்ஸா பல எல்ஸாக்களாக நிற்கிறாள். ஊன்றுகோல்கள் வரிசை வரிசையாக உள்ளே வருகின்றன. "உன்னைக் கொல்வது என்னையே கொல்வதுதான், ஆனால் நம் இருவர் மீதும் எனக்கு அலுத்துவிட்டது" என்கிற பொருளில் கணவன் பேசி முடிக்க, இருவரும் சுடுகிறார்கள். எது ஆள், எது பிம்பம் என்று அவர்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு முகம் நொறுங்கி விழுகிறது.

இந்தப் பகுதி ஏன் தப்பியது? கண்ணாடிக்குள் கேமரா தெரியாமல் இருக்க, துளையிட்டும் ஒருவழிக் கண்ணாடிகள் வைத்தும் எடுத்தார்கள். உடைத்த கண்ணாடியை மறுபடி உடைக்க முடியாது. மாற்றுக் கோணம் எடுத்துச் சேர்க்கும் வேலையும் இங்கே செல்லாது, ஏனெனில் இடமே குழப்பம்தான். பார்வையாளர் குழம்பினால் அது காட்சியின் வெற்றி. மற்ற இடங்களில் ஸ்டூடியோவைப் பயமுறுத்திய அதே தெளிவின்மை இங்கே யாரையும் பயமுறுத்தவில்லை.

வெளியீடும் பின்விளைவும்

படப்பிடிப்பு 1947 தொடக்கத்தில் முடிந்தது. படம் அலமாரியில் கிடந்தது. பிரான்ஸில் 1947 டிசம்பரிலும் அமெரிக்காவில் 1948இலும் வெளியானது. அமெரிக்காவில் ஓடவில்லை. தங்கள் நட்சத்திரம் கடைசியில் தரையில் கிடந்து, சாக விரும்பவில்லை என்று அலற, நாயகன் திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்து போவதை அந்த ஊர் ரசிகர்கள் எதிர்பார்த்து வரவில்லை.

படம் வெளியாவதற்கு முன்பே, 1947 நவம்பரில், தம்பதியருக்கு விவாகரத்து ஆனது. நாயகி 1948இல் தன் அடுத்த படத்தில் பழைய தோற்றத்துக்குத் திரும்பினார். இயக்குநர் ஒரு சிறு ஸ்டூடியோவில் ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றை மூன்று வாரச் சொச்சத்தில் படமாக்கிவிட்டு ஐரோப்பாவுக்குக் கிளம்பினார். ஹாலிவுட்டில் அவர் இயக்கிய அடுத்த படம் 1958இல்தான் வந்தது.

படத்தின் மதிப்பு மெல்ல ஏறியது. பிரெஞ்சு விமர்சகர்கள் முதலில் தூக்கிப்பிடித்தார்கள். கண்ணாடி அறைச் சண்டை பிறர் கைக்குப் போனது. 'என்டர் தி டிராகன்' பார்த்த நம்மூர் ரசிகர்களுக்கு அந்த யோசனை அங்கிருந்து பழக்கம். 2018இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இந்தப் படம் சேர்க்கப்பட்டது. வெட்டிய பகுதிகள் கிடைக்கவில்லை. பைத்தியக்கார வீட்டின் சில புகைப்படங்கள் மட்டும் இருக்கின்றன.

மாற்றிச் செய்திருக்கக்கூடியவை

வெட்டாமல் விட்டிருந்தால் மகத்தான படமாக இருந்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். 155 நிமிடம் என்பது முதல் தொகுப்பு, எந்த இயக்குநரும் அதை அப்படியே வெளியிடமாட்டார். கதை முடிச்சு மூலத்திலேயே இடியாப்பச் சிக்கல். ஓரளவு வெட்டு தேவைப்பட்டது. கேள்வி, அது எப்போது நடந்திருக்க வேண்டும் என்பது.

இதே இயக்குநரின் முந்தைய படத்தில் எடிட்டர் காகிதத்திலேயே வெட்டினார். அதில் இழப்பும் இருந்தது, ஆனால் எடுத்தவை ஒன்றோடொன்று ஒட்டின. இங்கே எடிட்டர் உள்ளே வந்தது எல்லாம் எடுத்தபிறகு. மெக்சிகோ கிளம்புவதற்கு முன் திரைக்கதையை வைத்துக்கொண்டு, எந்தெந்தக் காட்சிகள் உடையாமல் ஓட வேண்டும், எவற்றுக்குக் கூடுதல் கோணம் எடுத்துத் தர வேண்டும் என்று பேசியிருந்தால், ஸ்டூடியோ விளக்கில் எடுத்த அந்த ஒட்டாத முகங்கள் தேவைப்பட்டிருக்காது. அகபுல்கோ வெயிலிலேயே, உண்மையான கடலுக்கு முன்னாலேயே நாயகியின் குளோசப்புகள் கிடைத்திருக்கும். இயக்குநர் இதற்குச் சம்மதித்திருப்பாரா என்பது வேறு விஷயம். பூட்டைத் தானே திறந்து கொடுப்பதுபோல அவருக்குத் தோன்றியிருக்கும். அவர் பயம் வீண் பயமும் அல்ல. அப்படியென்றால் தலைவர் தரப்பும் ஒன்றைக் கொடுத்திருக்க வேண்டும்: குறிப்பிட்ட நான்கைந்து காட்சிகளில் கைவைக்க மாட்டோம் என்ற எழுத்துபூர்வமான வாக்கு. அந்தக் காலத்து ஸ்டூடியோவில் அது அபூர்வம், நடக்காததல்ல. இயக்குநரின் முதல் படமே சாட்சி.

முடி விஷயமும் அதே உரையாடலில் அடங்கியிருக்கும். மாற்றக்கூடாது என்று தலைவர் சொல்லியிருந்தால், பிரெஞ்சு நடிகையோடு சிறிய படமாகவே எடுத்துவிடலாம் என்று இயக்குநர் திரும்பியிருக்கலாம். என் கணக்கில் அதுதான் ஆரோக்கியமான வழி. ஆனால் அப்படி நடந்திருந்தால் நமக்கு இந்த எல்ஸா இல்லை. சிறிய பட்ஜெட்டில் அந்தக் கண்ணாடி அறையும் கட்டியிருக்க முடியுமா என்பது சந்தேகம்.

இசையைத் திருத்துவதுதான் எல்லாவற்றிலும் சுலபமான, மலிவான வேலை. இயக்குநர் ஒன்பது பக்கத்தில் எழுதியதெல்லாம் இசையமைப்பாளர் முதல் குறிப்பைப் போடுவதற்கு முன் ஒரு மதிய நேரம் இருவரும் உட்கார்ந்து பேசித் தீர்த்திருக்கக்கூடியவை. தலைவர் கேட்ட பாட்டு படகுத் தளத்தில் ஒருமுறை வந்துவிட்டுப் போயிருக்கும். எல்ஸா குதிக்கும்போது தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டிருக்கும்.